நிழலில்லாமல் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

‘ஸ்ப்ளின்டர் செல்’ வரிசையின் முதல் இரண்டு பாகங்களைப் புதிய கணினியில் போட்டு, ஒரு லெவல்கூட முடிக்காமல் அழித்துவிட்டவர்கள் உங்களில் நிறையப் பேர். அழித்ததோடு நிற்கவில்லை. “இதையா இத்தனை வருஷமா தலையில தூக்கி வச்சு ஆடினீங்க?” என்று எங்களைப் பார்த்துக் கேட்கவும் செய்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பழசு என்பதற்காக எதையும் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அடுக்கும் குறைகளில் ஒன்று என்னை விடாமல் உறுத்துகிறது. “நான் இருட்டுலதான் நின்னேன். செக்யூரிட்டி எப்படிப் பார்த்தான்னே தெரியல. இந்த கேம் ஏமாத்துது.”

நீங்கள் நின்ற இடத்தில் வெளிச்சம் இருந்தது. உங்கள் கணினி அதை உங்களுக்குக் காட்டவில்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

அந்த கேமில் உங்கள் பலம் துப்பாக்கி இல்லை என்பது ஆடிய சில நிமிடங்களிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இயக்கும் உளவாளி சாம் ஃபிஷர் நேருக்கு நேர் நின்று சுட்டால் குறி தவறும். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஆள் காலி. அவனுக்கு இருக்கும் ஒரே கவசம் இருட்டு. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. அதன் முள் ஒரு பக்கம் போனால் நீங்கள் வெளிச்சத்தில், மறுபக்கம் போனால் இருட்டில். முழு இருட்டில் இருந்தால் காவலாளி உங்களைத் தொட்டுவிடும் தூரத்தில் நடந்து போவான், பார்க்க மாட்டான். ஒரு பல்பைச் சுட்டு உடைத்தால் அந்த அறையே உங்களுக்குச் சொந்தம். 1998இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோ செய்த ‘தீஃப்’ இந்த விதியை முதலில் முழுமையாக ஆடிக் காட்டியது. அதில் திரையின் கீழே மினுங்கும் ஒரு கல் உங்கள் மேல் எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்று சொல்லும். 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் 2003 பிப்ரவரியில் கணினியிலும் ‘ஸ்ப்ளின்டர் செல்’ வந்தபோது, யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோ அதே விதியை எடுத்து, அசையும் நிழல்களோடு கட்டியது. மின்விசிறியின் இறக்கை சுவரில் சுழல்வதும், கம்பி வலையின் நிழல் சாமின் முதுகில் கட்டம் கட்டமாக விழுவதும், மூலையில் திரும்பும் முன்பே காவலாளியின் நிழல் தரையில் நீண்டு வந்து எச்சரிப்பதும் அழகுக்காகப் போட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதை உங்களுக்குச் சொல்பவையே அவைதான்.

இனி உங்கள் கணினியில் நடப்பதைப் பாருங்கள்.

அந்தக் காலத்து எக்ஸ்பாக்ஸுக்குள் இருந்த கிராஃபிக்ஸ் சிப், என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 3 குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த சிப்புக்கு ஒரு தனி வித்தை தெரியும். ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எந்தெந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு உங்கள் பார்வையில் திரையை வரையும்போது ஒவ்வொரு புள்ளியையும் அந்தப் படத்தோடு ஒப்பிடும். விளக்கிலிருந்து பார்க்கையில் இந்தப் புள்ளிக்கு முன்னால் வேறு ஏதாவது மறைத்தால் அது நிழல், மறைக்காவிட்டால் வெளிச்சம். இதை ‘ஷேடோ பஃபர்’ என்பார்கள். இன்றைய கேம்கள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கின்றன. ஆனால் 2002இல் அதைச் செய்ய எல்லாருக்கும் பொதுவான வழி கிடையாது. டைரக்ட்3டி 8 காலத்தில் அது என்விடியாவின் சொந்த ஏற்பாடு. டிரைவரும் சிப்பும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஓர் உடன்பாடு போன்றது. பிற்காலத்தில் சிப்புகள் மாறின, டிரைவர்கள் மாறின, விண்டோஸ் மாறியது. அந்த உடன்பாட்டை யாரும் காப்பாற்றவில்லை. கேம் பழைய முறையில் கேட்கிறது, புதிய கார்டு வேறு எதையோ பதிலாகக் கொடுக்கிறது. முதல் பாகத்தில் நிழல்கள் கெட்டுப்போகும், அல்லது ‘ஷேடோ புரொஜெக்டர்’ என்ற எளிய மாற்று முறைக்கு கேம் இறங்கிவிடும். அதில் ஆள்களுக்கு ஏதோ ஒரு நிழல் இருக்கும். கம்பி வலையும் விசிறியும் செய்யும் வேலை பெரும்பாலும் போய்விடும்.

2004இல் வந்த ‘பண்டோரா டுமாரோ’வின் நிலைமை இன்னும் மோசம். இந்தோனேசியா, கிழக்குத் திமோர் எனப் பல இடங்களில் நடக்கும் அந்த இரண்டாம் பாகத்தில், சில விளக்குகளின் ஒளியே புதிய கார்டுகளில் திரைக்கு வராது. ஆனால் நீங்கள் வெளிச்சத்தில் இருக்கிறீர்களா என்று கணக்குப் போடும் பகுதி, திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதே இல்லை. அது தன் கணக்கில் இருக்கும் விளக்கை மட்டுமே பார்க்கும். அதனால் காவலாளிக்கு விளக்கு எரிகிறது, உங்களுக்கு எரியவில்லை. நடுவரும் பந்துவீச்சாளரும் மூன்று ஸ்டம்புகளையும் பார்க்க, மட்டையாளரின் கண்ணுக்கு மட்டும் ஸ்டம்பு தெரியாத கிரிக்கெட் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் எல்பிடபிள்யூ கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உங்கள் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் வேறு. அந்தப் பாகம் இணையக் கடைகளில் பல ஆண்டுகள் விற்பனைக்கே இல்லாமல் கிடந்ததால், எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டவர்களுக்கு ஏமாற்றம் இரட்டிப்பு.

உங்களில் சிலர், “அப்போ நீங்க மட்டும் நல்லாப் பார்த்தீங்களா?” என்று கேட்கலாம். எல்லாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. 2003இல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிகளில் பலவற்றில் இருந்தது, போர்டிலேயே ஒட்டிவந்த கிராஃபிக்ஸ், அல்லது விலை குறைந்த ஜீஃபோர்ஸ் எம்எக்ஸ் கார்டு. எம்எக்ஸ் கார்டின் பெயரில் நான்காம் எண் இருந்தாலும் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2இன் வழிவந்த சிப். அதற்கு ஷேடோ பஃபர் வித்தை தெரியாது. அதே காலத்து ரேடியான் கார்டுகளிலும் மாற்று முறைதான். ஆக, எங்கள் தலைமுறையிலேயே இந்த கேமை அதன் முழு நிழலோடு பார்த்தவர்கள் நல்ல ஜீஃபோர்ஸ் கார்டோ எக்ஸ்பாக்ஸோ வைத்திருந்தவர்கள்தான். அவர்கள் வீட்டுக்குப் போய்த் திரையைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் கார்டு அன்றைய கார்டைவிடப் பல மடங்கு வேகமானது. அப்படியிருந்தும் அன்று ஓரளவு வசதி இருந்தவர்கள் பார்த்ததை உங்களால் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. வசதிக் குறைவால் நாங்கள் இழந்தோம். உங்களிடம் வசதி இருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் இழக்கிறீர்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். ‘டிஜிவூடூ’ என்றொரு இலவச நிரல். பழைய டைரக்ட்3டி 8 கேம் கேட்பதை வாங்கி, இன்றைய கார்டுக்குப் புரியும் டைரக்ட்3டி 11ஆக மாற்றிக் கொடுக்கும். வழியில் தன்னை ஒரு பழைய கார்டாகவே கேமுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும். ‘ஜீஃபோர்ஸ் 4 டிஐ’ வேடமும் அதற்குத் தெரியும். அதிலிருந்து ஒரு டிஎல்எல் ஃபைலை எடுத்து கேமின் ‘சிஸ்டம்’ ஃபோல்டரில் போட வேண்டும். நிழல் முறையைத் தீர்மானிக்கும் ஒரு வரி கேமின் ஐஎன்ஐ ஃபைலில் இருக்கிறது; அதை ஷேடோ பஃபர் பக்கம் திருப்ப வேண்டும். அகலத் திரைக்கு ஒரு தனி பேட்ச் இருக்கிறது, இல்லாவிட்டால் 4:3 வடிவத்துக்குச் செய்த படம் உங்கள் மானிட்டரில் இழுபட்டுத் தெரியும். டிரைவரில் போய் ஆன்டி-ஏலியாசிங்கை வலுக்கட்டாயமாகப் போட்டுவிடாதீர்கள், அது இந்த கேமின் நிழல்களோடு ஒத்துப்போகாது. வேலை அவ்வளவுதான். ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் செய்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். முதல் தடவை ஃபோல்டர் தேடவே நேரம் போகும். ஆனால் புது கேமுக்கு 100 ஜிபி இறங்கும்வரை காத்திருக்கும் உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

செய்துவிட்டு, நான்காவது வேலையாக வரும் சிஐஏ தலைமையகம் வரைக்கும் போய்ப் பாருங்கள். நான் இந்த லெவலைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாம் சொந்த நாட்டின் உளவு நிறுவனத்துக்குள்ளேயே திருட்டுத்தனமாக நுழைகிறான். எதிரே வருபவர்கள் எல்லாம் அவன் நாட்டுக்காரர்கள், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். யாரையும் கொல்லக்கூடாது என்று மேலதிகாரி லாம்பர்ட் காதில் சொல்லிவிடுகிறார். கொன்றால் ஆட்டம் முடிந்தது. அப்போது உங்களிடம் மிஞ்சுவது என்ன? அலுவலக அறைகள், நீண்ட வராந்தாக்கள், கண்ணாடிக் கதவுகள், மேலே டியூப்லைட், கண்காணிப்புக் கேமரா. அத்தனையும் வெளிச்சம். ஒவ்வொரு வராந்தாவையும் கடக்க, வெளிச்சத்துக்கு நடுவே கிடக்கும் இருட்டுத் துண்டுகளை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நிழல்கள் சரியாக விழாத கணினியில் அந்த லெவல் வெறும் எரிச்சல். சரியாக விழும் கணினியில் ஒவ்வொரு அறையும் ஒரு கணக்கு. விடையும் அந்த அறைக்குள்ளேயே எழுதியிருக்கும்.

“ரொம்ப மெதுவா இருக்கு” என்பது உங்கள் அடுத்த புகார். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் பாதிப் பழி கருவிகளுடையது. நீங்கள் கேம்பேடைச் செருகி ஆடப் பார்த்திருப்பீர்கள். அது சரியாக வேலை செய்திருக்காது. பிறகு கீபோர்டுக்கு வந்து, நடக்கும் விசையை அழுத்தியதும் சாம் தடதடவென்று ஓட, சத்தம் கேட்டுக் காவலாளி திரும்பியிருப்பான். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தீர்களா? கணினிப் பதிப்பில் சாமின் வேகம் அந்தச் சக்கரத்தில் இருக்கிறது. மேலே உருட்டினால் வேகம், கீழே உருட்டினால் தவழ்வதுபோல மெதுவான நடை. இடையில் பல படிகள். கம்பளத்தின் மீது ஒரு படி கூடுதலாகப் போகலாம், உலோகத் தட்டின் மீது இரண்டு படி குறைக்க வேண்டும். கேம்பேடில் குச்சியை எவ்வளவு சாய்க்கிறோம் என்று கட்டை விரல் சதா கவனிக்க வேண்டியதை, இங்கே ஒரு விரலால் ஒரு தடவை அமைத்துவிட்டு மறந்துவிடலாம். மவுஸுக்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இன்றைய பல கேம்களில்கூட அந்த வசதி கிடையாது. யாரும் உங்களிடம் சொல்லவில்லை. கையேடும் கையில் இல்லை. அதைக் குறை என்று உங்கள் தலையில் கட்ட நான் தயாராக இல்லை.

சக்கரம் பழகிய பிறகு ஒரு விஷயத்தைச் செய்து பாருங்கள். எண் பூட்டு போட்ட ஒரு கதவுக்கு அருகே இருட்டில் உட்கார்ந்து காத்திருங்கள். ஒரு காவலாளி வந்து எண்களை அழுத்திக் கதவைத் திறந்து போவான். அவன் போனதும் வெப்பம் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்பலகையைப் பாருங்கள். அவன் விரல் பட்ட பொத்தான்கள் சூட்டில் ஒளிரும். கடைசியாகத் தொட்டது பளிச்சென்று இருக்கும், முதலில் தொட்டது மங்கிப்போயிருக்கும். மங்கலானதிலிருந்து பளிச்சென்றதுவரை வரிசையாக அழுத்தினால் கதவு திறக்கும். அம்புக்குறி போட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து வழி காட்டும் கேம்களில் வளர்ந்தவர்கள் நீங்கள். இங்கே யாரும் காட்டமாட்டார்கள். நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகத்தான் அந்த மெதுவான நடை.

குறைகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சில வேலைகளில் மூன்றாவது தடவை அபாய மணி அடித்தால் அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும்; அது அன்றைக்கே பலருக்குப் பிடிக்கவில்லை, இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. பதுங்கிப் போவதற்காகச் செய்த கேமில் கட்டாயமாகச் சுட்டே ஆக வேண்டிய சில இடங்களை வைத்தது பெரிய தப்பு. 2005இல் வந்த மூன்றாம் பாகமான ‘கேயாஸ் தியரி’ அவை இரண்டையும் சரிசெய்தது. மணி அடித்தால் காவலாளிகள் கவசம் மாட்டிக்கொண்டு உஷாராவார்கள், ஆட்டம் தொடரும். நீங்கள் எழுப்பும் சத்தத்தை, சுற்றியிருக்கும் சத்தத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் இரண்டாவது அளவுகோலும் அதில் வந்தது. இந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான் ஆட நேரம் இருக்கிறது என்றால் கேயாஸ் தியரியை ஆடுங்கள், புதிய கணினியோடு அதற்குச் சண்டையும் குறைவு. ஆனால் முதல் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதை அதன் நிழலோடு ஆடிவிட்டுச் சொல்லுங்கள். நிழலோடு ஆடியும் பிடிக்கவில்லை என்றால் அந்தத் தீர்ப்பை நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். அது உங்கள் ரசனை. இப்போது நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பது ரசனையிலிருந்து வந்ததே இல்லை.

இனி நான் உண்மையிலேயே கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். அந்தக் கோபத்தில் நீங்களும் என்னோடு சேர வேண்டும் என்பது என் ஆசை.

இந்த கேமை இன்றும் காசுக்கு விற்கிறார்கள். 2016இல் யூபிசாஃப்ட் தன் முப்பதாம் ஆண்டுக்காக முதல் பாகத்தை ஒரு மாதம் இலவசமாகவே கொடுத்தது. உங்களில் பலரிடம் அந்தப் பிரதிதான் இருக்கிறது. கேயாஸ் தியரியும் 2021 நவம்பரில் அப்படி வந்தது. கொடுத்தது நல்ல மனசு. ஆனால் பூட்டிய வீட்டுக்குச் சாவி கேட்பவரிடம் வெளியே நின்று சன்னல் வழியாகப் பாருங்கள் என்று சொல்லக்கூடாது. முதல் மூன்று பாகங்களும் எக்ஸ்பாக்ஸின் புதிய கன்சோல்களில் ஓடுகின்றன, பழைய எக்ஸ்பாக்ஸின் சிப் செய்ததை மென்பொருளால் செய்துகாட்டும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. முடியாத வேலை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. கணினிக்காரர்களுக்கு மட்டும், சம்பளம் வாங்காத யாரோ இரவில் உட்கார்ந்து எழுதிய இலவச நிரலை நம்பி இருக்க வேண்டிய நிலை.

இந்த வரிசைக்கு மட்டும் வந்த கேடு இல்லை இது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, சவுண்ட் கார்டுகளோடு கேம்கள் நேரடியாகப் பேசும் வழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. ‘ஈஏஎக்ஸ்’ என்ற ஒலி ஏற்பாட்டை நம்பியிருந்த கேம்களில் அறைக்கு அறை மாறும் எதிரொலி அன்றோடு ஊமையானது. தீஃப் ஆடும்போது காலடிச் சத்தம் எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் அந்த இழப்பின் அளவு தெரியும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, சேஃப்டிஸ்க் போன்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடுகளின் டிரைவரைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி நீக்கினார்கள். காரணம் சரியானதுதான், அந்த டிரைவரில் ஓட்டை இருந்தது. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்குகள் அன்றைக்கே வெறும் தட்டாகிவிட்டன. கேயாஸ் தியரியின் டிஸ்க்கில் இருந்த ஸ்டார்ஃபோர்ஸ் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேர்மையாக வாங்கியவர்களின் கணினிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது என்று அன்று எழுந்த கூச்சலில், யூபிசாஃப்ட் 2006இல் அதைக் கைவிட்டது.

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. மீதி 13 சதவீதத்தைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கிறது என்று கணக்கில் எழுதிய கேம்களுக்குள் எத்தனை, நிழல் இல்லாமல், எதிரொலி இல்லாமல் கிடைக்கின்றன? அதை யாரும் எண்ணிப் பார்த்ததாக நான் படித்ததில்லை. நீங்கள் எண்ணலாம்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. தீஃப் கேமைப் பாருங்கள். அதைச் செய்த லுக்கிங் கிளாஸ் 2000ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2012இல், பெயரை மறைத்துக்கொண்ட ஒருவர் ‘நியூடார்க்’ என்ற பேட்சை வெளியிட்டார். அகலத் திரை, புதிய விண்டோஸ், புதிய கார்டு எல்லாவற்றோடும் தீஃப் கைகுலுக்கிக்கொண்டது. பிறகு கடைகளில் விற்கும் பிரதியிலேயே அதைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று தீஃப் வாங்குகிறவருக்கு எந்த ஃபோல்டரையும் தேட வேண்டிய வேலை இல்லை. போலந்தின் ஜிஓஜி கடை 2024இல் பழைய கேம்களைத் தன் பொறுப்பில் ஓடவைத்துத் தருவதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு கடையால் முடிகிறது. கேமின் மூல நிரலையே கையில் வைத்திருப்பவர்களால் ஏன் முடியாது?

முதல் பாகத்தைப் புதிதாகவே செய்யப்போவதாக 2021 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள், டொரான்டோ ஸ்டூடியோ செய்கிறது, அது வந்தால் போதாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். வரட்டும், நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். ஆனால் அது வேறு கேம். வேறு ஆள்கள், வேறு இன்ஜின், வேறு காலம். 2002இல் இருபது முப்பது வயதுக்காரர்கள் ஒரு கன்சோலின் சிப்பை எவ்வளவு தூரம் வளைக்க முடியும் என்று பார்த்துச் செய்ததைப் புதியது வந்து ஈடுகட்டாது. பழையதைப் பார்த்தவர்களால்தான் புதியதில் எது குறைந்தது, எது வளர்ந்தது என்று சொல்ல முடியும். நீங்கள் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்களில் பலருடைய கையில் அன்று இருந்தது பர்ன் செய்த சிடி. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க எங்களுக்கு வாயில்லை. நீங்கள் அப்படி இல்லை. தள்ளுபடியில் வாங்கினாலும் உங்கள் காசில் வாங்குகிறீர்கள். உங்கள் கணக்கில் அந்த கேமின் பெயர் இருக்கிறது. விற்பவர்கள் படிக்கும் இடத்தில் மதிப்புரை எழுதும் உரிமை, அதை வாங்கிய உங்களுக்குத்தான் இருக்கிறது. அந்த உரிமையைத்தான் நான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

இந்த வார இறுதியில் முதல் பாகத்தை மறுபடி இறக்குங்கள். நிழலைச் சரிசெய்யுங்கள். மவுஸ் சக்கரத்தைப் பழகிக்கொண்டு, சிஐஏ தலைமையகத்தை யாரையும் கொல்லாமல் முடியுங்கள். பிறகு ஏற்கெனவே எழுதிய மதிப்புரையைத் திறந்து, கேமைப் பற்றி ஒரு பத்தியும் விற்ற பிரதியைப் பற்றித் தனியாக ஒரு பத்தியும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். கேம் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். பிரதியில் நிழல் வரவில்லை என்றால், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த விண்டோஸ், எந்த லெவலில் எந்த விளக்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “பழசு, ஓடல” என்ற இரண்டு வார்த்தையை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். விவரத்தோடு நூறு பேர் எழுதினால் பொருட்படுத்தியாக வேண்டும். விற்பவரிடம் அதைத் திருத்தக் கேளுங்கள், ஷேடோ பஃபரைப் புதிய கார்டுகளுக்கு ஏற்றபடி பிரதியிலேயே சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள், அல்லது தமிழில் பேசி வீடியோ போடுங்கள். எந்த ஃபைல், எந்த ஃபோல்டர், எந்த வரி என்று திரையைக் காட்டிச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதுவும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு எழுதியவை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து முதல் தடவை இதைத் திறக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அது போதாது. அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் ஆடிய ஓர் அண்ணன்